பானெட் முழுசா மூட மாட்டேங்குது, ரெண்டாவது கொக்கியிலேயே நிக்குது. இடது முனையும் தூக்கலா இருக்கு

சாலைப்புழுதி:

எல்லாருக்கும் வணக்கம். பெட்ரோல் ஹேட்ச்பேக் கார். பானெட்டைத் தாங்க ஒரு கம்பிதான், கேஸ் ஸ்ட்ரட் கிடையாது. பானெட்டை மூடினா பாதுகாப்புக் கொக்கியில மட்டும் மாட்டுது, மெயின் லாக்குல விழறதில்ல. 25 செ.மீ. உயரத்துல இருந்து விட்டா "டொக்"னு சத்தம் வருது, உடனே ரெண்டு விரல் அளவு மேல எழும்பிடுது. எப்பவாவது ஒரு தடவை சரியா விழுது.

கவனிச்ச மத்த விஷயங்கள்:

டேஷ்போர்டுக்குக் கீழ இருக்குற லீவரை இழுத்தா தானா உள்ள போறதில்ல, தொங்கிட்டே இருக்கு. கையால தள்ளி விடணும்.

லாக் விழுந்த நேரத்துலயும் இடது முன் முனை ஃபெண்டரை (சக்கரத்துக்கு மேல இருக்குற பக்கத் தகடு) விட சுமார் 5 மி.மீ. உயரமா நிக்குது. வலது பக்கம் சமமா இருக்கு.

பானெட் சரியா விழுந்தாலும் மீட்டர்ல "பானெட் திறந்திருக்கு" விளக்கு சில சமயம் அணையறதில்ல.

கார் எங்கயும் இடிக்கல. ஆனா சமீபத்துல பேட்டரி மாத்தினது, முன் பம்பரைக் கழட்டி மாட்டினது, இந்த ரெண்டு வேலையும் நடந்திருக்கு. லாக்கை மொத்தமா மாத்தணுமா, அட்ஜஸ்ட் பண்ணினா போதுமா? எதுல இருந்து ஆரம்பிக்கறது? அதுவரைக்கும் ஓட்டலாமா?

பத்தாம்நம்பர்ஸ்பேனர்:

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். ஓட்டாதீங்க. அந்த ரெண்டாவது கொக்கி, மெயின் லாக் விட்டுப்போனா பானெட் சட்டுனு எழும்பாம ஒரு நிமிஷம் பிடிச்சு வைக்கறதுக்கு மட்டும்தான். அது பூட்டு கிடையாது. வேகம் கூடக்கூட கிரில் வழியா வர்ற காத்து பானெட்டுக்கு அடியில அழுத்தம் கொடுக்கும், மேல போற காத்து தூக்கும். கொக்கி தேஞ்சோ வளைஞ்சோ இருந்தா பானெட் நேரா கண்ணாடியில வந்து அறையும். ஒர்க்‌ஷாப் வரைக்கும் கொண்டு போயே ஆகணும்னா, பானெட்ல இருந்து கீழ நீட்டி லாக்குல மாட்டற ஸ்ட்ரைக்கர் வளையத்தையும் ரேடியேட்டருக்கு மேல இருக்குற குறுக்குத் தகட்டையும் சேர்த்து கனமான நைலான் பட்டையால கட்டி, நகர வேகத்துக்குள்ள, பெரிய ரோடு எடுக்காம போங்க. கட்டும்போது பட்டை ஃபேன்லயோ பெல்ட்லயோ படாத மாதிரி முனையை முடிஞ்சு விடுங்க.

அடுத்து, ஓங்கி அடிச்சு மூடறதை நிறுத்துங்க. லாக் பிடிக்காததுக்கு வேகம் பத்தாதது காரணம் இல்ல. ஓங்கி அடிச்சா ஸ்ட்ரைக்கர் வளையும், லாக் உக்காந்திருக்குற தகடு கீழ இறங்கும், அப்புறம் இல்லாத பிரச்சினையும் சேர்ந்துக்கும். உள்ளங்கையை நடுவுல வெச்சு அமுக்கறதும் வேண்டாம். மேல் தகடு மெல்லிசு, அலுமினியமா இருந்தா ஒரே அமுக்குல நெளிஞ்சிடும்.

நீங்க சொன்னதுலயே முக்கியமான துப்பு இருக்கு: லீவர் திரும்பறதில்ல. அந்த லீவருக்குன்னு பெருசா ஸ்பிரிங் கிடையாது. லாக்குல இருக்குற ஸ்பிரிங்தான் கேபிளைத் திரும்ப இழுக்கணும், அதோட சேர்ந்து லீவரும் உள்ள போகணும். லீவர் தொங்குதுன்னா, லாக் இன்னும் பாதி திறந்த நிலையில இருக்குன்னு அர்த்தம். கையால லீவரைத் தள்ளறதுல பலன் இல்ல. கேபிள் இழுக்கத்தான் ஆகும், தள்ள ஆகாது. உள்கம்பி உறைக்குள்ள நெளியும், அவ்வளவுதான்.

லாக் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா சோதனை எளிது. ஒரு சுழலும் நாக்கு, வாய் மேல பார்த்த மாதிரி திறந்து நிக்கும். ஸ்ட்ரைக்கர் இறங்கி அதைச் சுழட்டும். சுழன்றதும் பக்கத்துல இருக்குற தடுப்புத் துண்டு ஸ்பிரிங் பலத்துல உள்ள விழுந்து நாக்கைத் திரும்ப விடாம பிடிக்கும். லீவர் இழுக்கும்போது கேபிள் அந்தத் தடுப்பை விலக்குது. தடுப்பு முழுசா உள்ள விழலைன்னா நாக்கு சுழலும், ஆனா நிக்காது. நீங்க சொல்ற "டொக்" சத்தமும் எழும்பலும் அப்படியே இதுதான்.

பானெட்டைத் தூக்கி, கம்பியில நிக்க வெச்சு, இப்படிப் பாருங்க. நீளமான ஸ்க்ரூடிரைவர் தண்டை ஸ்ட்ரைக்கர் மாதிரி நினைச்சு லாக் நாக்கைக் கீழ அமுக்குங்க. நல்ல லாக்குன்னா "க்ளிக்" சத்தம் வரும், கையை எடுத்தாலும் நாக்கு மூடியே நிக்கும். நிறைய லாக்குல ரெண்டு க்ளிக் இருக்கும், ரெண்டாவது வரைக்கும் போகணும். அப்புறம் லீவரை இழுத்தா நாக்கு பட்டுனு எகிறித் திறக்கணும்.

நாக்கு நிக்கலைன்னா, லாக்குல இருந்து கேபிள் முனையைக் கழட்டிட்டு மறுபடி அதே சோதனை. கேபிள் இல்லாம நின்னா குத்தம் கேபிள்ல. கேபிள் இல்லாமலும் நிக்கலைன்னா குத்தம் லாக்குல: அழுக்கு, காஞ்ச கிரீஸ், உடைஞ்ச ஸ்பிரிங், இல்லைன்னா தேஞ்ச தடுப்பு.

ஒரு எச்சரிக்கை. கேபிள் கழட்டின நிலையில தப்பித்தவறிக்கூட பானெட்டை மூடிடாதீங்க. லாக் விழுந்துட்டா திறக்க வழி இருக்காது, கிரில்லைப் பிரிச்சு கம்பி விட்டு நோண்ட வேண்டி வரும். சோதனை முடிஞ்சதும் நாக்கு மேல திறந்து நிக்குதான்னும் பாருங்க. மூடின நாக்கு மேல ஸ்ட்ரைக்கர் வந்து இடிச்சா பானெட் பாதுகாப்புக் கொக்கியைத் தாண்டி இறங்கவே இறங்காது. நல்ல லாக்கைக் கெட்டுப்போச்சுன்னு நிறைய பேர் மாத்தறது இதனாலதான்.

சுத்தம் பண்றதுக்கு: லாக்குக்குக் கீழயும் பெல்ட் பக்கமும் பழைய துணி விரிச்சுட்டு, டபிள்யூடி-40 மாதிரி ஊடுருவுற எண்ணெய் அடிச்சு 10 நிமிஷம் விடுங்க. பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, கறுப்பா வழியறது நிக்கற வரைக்கும் துடைங்க. அந்த எண்ணெயை அப்படியே விட்டுடக் கூடாது. அது அழுக்கைக் கரைக்கும், ஆனா சீக்கிரம் காய்ஞ்சு போகும். காய்ஞ்ச பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ், நாக்கோட அச்சுலயும் தடுப்பு உரசற விளிம்புலயும் பட்டாணி அளவு. பத்து பதினைஞ்சு தடவை அமுக்கி விட்டு இழுத்தா கிரீஸ் உள்ள பரவும். வீல் பேரிங்குக்குப் போடற கெட்டி கிரீஸ் வேண்டாம், புழுதியைப் பிடிச்சு வெச்சு மறுபடி இறுகிடும். பாதுகாப்புக் கொக்கியோட அச்சையும் விட்டுடாதீங்க.

பம்பர் கழட்டினதாச் சொன்னீங்க. கேபிள் பெரும்பாலும் ஹெட்லைட்டுக்குப் பின்னாடி, குறுக்குத் தகடு ஓரமா கிளிப்புல போகும். திரும்ப மாட்டும்போது நசுங்கியிருக்கலாம், இல்லைன்னா கேபிளோட வெளியுறை லாக் பக்கத்துப் பள்ளத்துல சரியா உக்காராம இருக்கலாம். அந்த வழி முழுக்க விரலால தடவிப் பாருங்க.

தகடுவேலை:

மேலே சொன்ன வரிசை சரி. லாக் தெளிவாக விழும்வரை இடது முனையைத் தொட வேண்டாம். லாக் சரியாகப் பிடிக்காத நிலையில் உயரத்தைத் திருத்தினால், தவறான இடத்தை வைத்துக்கொண்டு திருத்தியதாகிவிடும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி செய்ய நேரும்.

ஒரு முனை மட்டும் தூக்கி நிற்பதற்கு இரண்டு விதமான காரணங்கள்தான். ஒன்று, கீழிருந்து ஏதோ தாங்குகிறது. இன்னொன்று, பானெட்டோ உடற்பகுதியோ முறுக்கியிருக்கிறது. இடிபடாத காரில் முதலாவதைத்தான் முதலில் தேட வேண்டும்.

புதிய பேட்டரி பழையதைவிட உயரமாக இருந்தால் பானெட்டின் உட்பக்கத்தைத் தொடும். இது மூடாத தொல்லையோடு நிற்காது. நேர்முனை பானெட் தகட்டைத் தொட்டால் நேரடி ஷார்ட் சர்க்யூட், தீப்பிடிக்கும். பானெட்டின் உட்புறப் பஞ்சு விரிப்பில் வட்டமான அழுத்தத் தடமோ பொசுங்கலோ இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பேட்டரி தட்டில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா, பிடிப்புக் கிளாம்ப் இறுக்கமா, நேர்முனை மூடி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பேட்டரி மாற்றும்போது ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றியிருந்தால் அதன் கிளிப்புகள் எல்லாம் விழுந்தனவா என்றும் பாருங்கள். தாங்குகம்பி தன் பிடிப்பில் முழுவதுமாக அமராமல் அரை அங்குலம் தூக்கி நின்றாலும் இதே அறிகுறிதான் வரும்.

கண்ணால் பார்த்துத் தெரியாவிட்டால், குழந்தைகள் விளையாடும் களிமண்ணை 3 செ.மீ. உயர உருண்டைகளாக்கி, ஒட்டாமல் இருக்க மெல்லிய பாலிதீன் சுற்றி, பேட்டரி முனைகள், எஞ்சினின் மேலுள்ள மூடி, பானெட் அமரும் இரு ரப்பர் ஸ்டாப்பர்கள் ஆகியவற்றின் மேல் வையுங்கள். லாக் விழும்படி மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய உருண்டையின் கனத்தை ஸ்கேலால் அளந்தால் அந்த இடத்து இடைவெளி தெரிந்துவிடும். பேட்டரி முனைக்கு மேல் 1 செ.மீ.கூட இல்லையென்றால் அந்த பேட்டரியை அந்தக் காரில் வைக்கக் கூடாது.

ரப்பர் ஸ்டாப்பர்கள் முன் மூலைகளில், குறுக்குத் தகட்டின் மேல் இருக்கும். சில கார்களில் பானெட்டிலேயே இருக்கும். பெரும்பாலானவை திருகு மரையுள்ளவை. சுற்றினால் ஏறும், இறங்கும். இடம் வலம் எவ்வளவு வெளியே நிற்கின்றன என்று அளந்து சொல்லுங்கள்.

சாலைப்புழுதி:

ரெண்டு பேருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

கேபிளோட: நாக்கு அமுக்கினா நிக்கல, திரும்பி வந்துடுது. கேபிளைக் கழட்டினதும்: ரெண்டு க்ளிக், கெட்டியா நிக்குது, தடுப்பை ஸ்க்ரூடிரைவரால தள்ளினா எகிறித் திறக்குது. ஸ்பிரிங் முழுசா இருக்கு. சுத்தம் பண்ணி லித்தியம் கிரீஸும் போட்டாச்சு.

கேபிள் இடது ஹெட்லைட்டுக்குப் பின்னாடி பம்பர் பிராக்கெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல மாட்டி நசுங்கியிருந்துச்சு. எடுத்து பழைய கிளிப்புல விட்டாச்சு. இப்ப லீவர் தானா உள்ள போகுது, ஆனா மெதுவா, கடைசி 1 செ.மீ. இழுத்துக்கிட்டுப் போகுது. ஸ்க்ரூடிரைவர் சோதனையில நாக்கு நிக்குது, லீவர்ல திறக்குது. பானெட்டும் விழுது.

களிமண் சோதனை: பேட்டரி நேர்முனைக்கு மேல 22 மி.மீ. மிச்சம். எஞ்சின் மூடிக்கு மேல வெச்சது தொடவே இல்ல. இடது ஸ்டாப்பர் மேல காகிதம் மாதிரி நசுங்கிடுச்சு. வலது ஸ்டாப்பர் மேல 4 மி.மீ. கனம் நிக்குது. தகட்டுல இருந்து இடது ஸ்டாப்பர் 19 மி.மீ. வெளிய நிக்குது, வலது 14 மி.மீ.

இடதை 5 மி.மீ. இறக்கினா போதுமா?

பத்தாம்நம்பர்ஸ்பேனர்:

ஸ்டாப்பரை தகடுவேலை அண்ணன் பார்த்துக்குவார். கேபிளை நான் முடிச்சுடறேன், ஏன்னா அது இன்னும் முடியல. "கடைசி 1 செ.மீ. இழுத்துக்கிட்டுப் போகுது"ன்னா தடுப்பு முழுசா உள்ள விழறதுக்கு நேரம் எடுக்குது. இன்னிக்கு விழும், ரெண்டு மழை பார்த்தா நிக்கும்.

நசுங்கின இடத்துல வெளியுறையோட பிளாஸ்டிக் கிழிஞ்சு உள்ள இருக்குற சுருள் கம்பி தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா தண்ணி உள்ள போகும், துரு பிடிக்கும், எண்ணெய் விட்டாலும் தாங்காது. கேபிளை மாத்திடுங்க. லாக் முனையிலயோ லீவர் முனையிலயோ ஒரு இழை அறுந்து முடி மாதிரி நீட்டிட்டு இருந்தாலும் மாத்தத்தான் வேணும். பானெட் மூடியிருக்கும்போது இந்த கேபிள் அறுந்தா படற பாடு, கேபிளோட விலையை விடப் பல மடங்கு.

உறை முழுசா, லேசா நசுங்கல் மட்டும்னா காப்பாத்தலாம். லாக் முனையைக் கழட்டி மேல தூக்கிக் கட்டுங்க. உறை வாயைச் சுத்தி இன்சுலேஷன் டேப்பால ஒரு சின்ன புனல் மாதிரி சுத்தி, மெல்லிய தையல் மெஷின் எண்ணெய் அஞ்சாறு சொட்டு விட்டு, லீவர் பக்கம் ஒருத்தர் மெதுவா இழுத்து விட, இங்க ஒருத்தர் திரும்ப இழுக்கணும். லீவர் முனையில எண்ணெய் தலைகாட்டற வரைக்கும் செய்யுங்க, கீழ மிதியடியில ஒரு துணி போட்டுக்கோங்க. கிரீஸை உறைக்குள்ள தள்ளாதீங்க, குளிர்ல கெட்டியாகி இன்னும் மோசமாகும்.

மாத்தறதுன்னா, பழசை உருவறதுக்கு முன்னாடி லாக் பக்கத்து முனையில ஒரு நீளமான கெட்டி நூலைக் கட்டிட்டு, காருக்குள்ள இருந்து இழுங்க. கேபிள் வெளிய வரும், நூல் அதே வழியில நிக்கும். புதுசோட முனையை அந்த நூல்ல கட்டி, முன்னாடி இருந்து இழுத்தா, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற ஓட்டையைத் தேடி அலைய வேண்டாம். அந்த ஓட்டையில இருக்குற ரப்பர் மூடி சரியா உக்காரணும், இல்லைன்னா மழைத்தண்ணி டேஷ்போர்டுக்கு அடியில வரும். கேபிள் எங்கயும் கூர்மையா மடங்கக் கூடாது, சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் போகக் கூடாது.

மாட்டின பிறகு லீவர்ல 2, 3 மி.மீ. சும்மா ஆடற இடம் இருக்கணும். சுத்தமா ஆட்டமே இல்லைன்னா கேபிள் எந்நேரமும் தடுப்பை லேசா இழுத்து வெச்சிருக்கும், மறுபடி இதே கதை. ஆட்டம் ரொம்ப அதிகம்னா லீவரை முழுசா இழுத்தாலும் தடுப்பு விலகாது.

தகடுவேலை:

அளவுகள் தெளிவாக இருக்கின்றன, நன்றி. 22 மி.மீ. இருப்பதால் பேட்டரியை மறந்துவிடலாம். இடது ஸ்டாப்பர் பானெட்டைத் தூக்குகிறது, வலது ஸ்டாப்பர் பானெட்டைத் தொடவே இல்லை. வலப்பக்கம் சமமாகத் தெரிந்தாலும் அந்த மூலை அந்தரத்தில்தான் நிற்கிறது. ஓட்டும்போது படபடக்கும், லாக்கும் ஸ்ட்ரைக்கரும் தேயும். ஆகவே இடதை மட்டும் 5 மி.மீ. இறக்கி நிறுத்திவிட வேண்டாம். இரண்டையும் அடியிலிருந்து செய்துவிடுங்கள்.

முதலில் இரு ஸ்டாப்பர்களையும் வலஞ்சுழியாகச் சுற்றி முழுவதும் இறக்குங்கள். சிலவற்றில் பூட்டு நட் இருக்கும், அதைத் தளர்த்திய பிறகே சுற்ற வேண்டும். பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து முறுக்காதீர்கள், ரப்பர் மட்டும் கிழிந்து வந்துவிடும். சோப்புத் தண்ணீர் விட்டுக் கையால் சுற்றுங்கள்.

இப்போது மூடினால் பானெட்டின் முன்விளிம்பு நடுவில் லாக் இழுத்துப் பிடிக்கும் உயரத்துக்கு வந்து நிற்கும். அதை ஃபெண்டரோடு ஒப்பிடுங்கள். ஃபெண்டருக்குச் சமமாகவோ 1 மி.மீ. தாழ்வாகவோ இருந்தால் லாக்கின் உயரம் சரி, அதைத் தொட வேண்டாம். இன்னும் உயரமாக நின்றால் மட்டும் லாக்கை இறக்க வேண்டும். லாக்கைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோடு இல்லாமல் போல்ட்டைத் தளர்த்தினால் பழைய இடத்துக்குத் திரும்ப வழியே இல்லை. இரண்டு அல்லது மூன்று போல்ட் இருக்கும், பெரும்பாலும் 10 மி.மீ. தலை. முழுவதும் கழற்றாமல், லாக்கை ரப்பர் சுத்தியலால் தட்டினால் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, 1 மி.மீ. இறக்கி, இறுக்கி, மூடிப் பார்க்க வேண்டும். ஒரே மூச்சில் 3 மி.மீ. இறக்கினால் ஸ்ட்ரைக்கர் நாக்கை முழுவதும் சுழற்றாமல் பாதியில் நிற்கும், அல்லது பானெட்டை அமுக்கினால்தான் லீவர் திறக்கும் என்ற நிலை வரும்.

பக்கவாட்டில் ஸ்ட்ரைக்கர் லாக்கின் வாய்க்கு நடுவே இறங்குகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். ஸ்ட்ரைக்கரில் கொஞ்சம் கிரீஸ் தடவி மெதுவாக இறக்கினால் லாக்கில் அது எங்கே முதலில் உரசுகிறது என்று தடம் காட்டும். ஒரு பக்கச் சுவரில் மட்டும் தடம் விழுந்தால் லாக்கை அந்தப் பக்கமாக நகர்த்த வேண்டும்.

கடைசியில்தான் ஸ்டாப்பர்கள். அரைச் சுற்று அரைச் சுற்றாக உயர்த்துங்கள். மூலை ஃபெண்டரோடு சமமாகும் இடத்தில், ஸ்டாப்பரின் மேல் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தால், கிழியாமல், ஆனால் இறுக்கமாக உரசிக்கொண்டு வர வேண்டும். தடையின்றி வந்தால் இன்னும் அரைச் சுற்று ஏற்றுங்கள். வரவே மறுத்தால் அரைச் சுற்று இறக்குங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி இழுக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். இடது 15, வலது 16 மி.மீ. என்று முடிந்தாலும் கவலையில்லை. எந்தக் காரும் அச்சுப்பிசகாமல் இருப்பதில்லை.

லாக் போல்ட்டுகள் வழக்கமாக 6 மி.மீ. மரை. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) இருந்தால் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. மெல்லிய தகட்டில் வெல்ட் செய்த நட் என்பதால் பலமாக முறுக்கினால் நட் கழன்று உள்ளே சுற்றும். அதைச் சரிசெய்வது இந்த வேலை முழுவதையும்விடப் பெரிய வேலை.

மழைத்தூறல்:

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கும் இதே மாதிரிதான், ஆனா முன்னாடி இல்ல. விண்ட்ஷீல்டு பக்கத்துல, வலது பின் மூலை 4 மி.மீ. தூக்கல். முன் லாக் நல்லா விழுது. அங்க ஸ்டாப்பர் எதுவும் தெரியல. என்ன பார்க்கணும்?

தகடுவேலை:

பின் மூலை என்றால் கீல்தான். தாங்குகம்பியை எடுக்காமலே பானெட்டை அமுக்கியது, பெருங்காற்றில் பானெட் திறந்தபடி பின்னால் மடிந்தது, இந்த இரண்டிலும் முதலில் வளைவது கீலின் கை. பானெட்டைத் திறந்து இடது கீலையும் வலது கீலையும் ஒரே கோணத்தில் நின்று பாருங்கள், வளைவு கண்ணுக்கே தெரியும். வளைந்த கீலைத் தட்டி நிமிர்த்துவதை நான் ஏற்கமாட்டேன். விபத்தில் பானெட் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வராமல் தடுப்பதில் கீலுக்கும் பங்கு உண்டு. பாதசாரிகளின் பாதுகாப்புக்காகப் பானெட்டின் பின்பகுதி தானே உயரும் வசதியுள்ள காராக இருந்தால், அந்தக் கீலில் கையே வைக்காதீர்கள், அதில் வெடிவிசைக் கருவி இருக்கலாம். அது சர்வீஸ் சென்டர் வேலை.

கீல் நேராக இருந்தால், பானெட்டைக் கீலோடு இணைக்கும் போல்ட்டுகளையும் கீலை உடலோடு இணைக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். பெயிண்ட் விரிசல் விட்டிருந்தாலோ வாஷர் இருந்த வட்டத்தடம் நகர்ந்திருந்தாலோ அது இளகி இடம் மாறியிருக்கிறது. பொதுவாகப் பானெட் பக்கத்துப் போல்ட்டுகள் முன்பின் நகர்வையும், உடல் பக்கத்துப் போல்ட்டுகள் உயரத்தையும் தீர்மானிக்கும். சில கார்களில் இது மாறியிருக்கும், துளை எந்தத் திசையில் நீளமாக இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இதை ஒருவராகச் செய்ய வேண்டாம். பக்கத்துக்கு ஒருவர் நிற்க வேண்டும். கீலைச் சுற்றி மார்க்கர் கோடு, பானெட்டின் பின் மூலைகளுக்கு அடியில் மடித்த கனமான துணி. தளர்ந்த பானெட் பின்னால் வழுக்கி விண்ட்ஷீல்டு ஓரத்தையும் ஃபெண்டர் பெயிண்ட்டையும் கீறுவதுதான் வழக்கமாக நடக்கும் சேதம். ஒரு பக்கத்தில் ஒரு போல்ட்டை இறுக்கமாகவே விட்டு மற்றதைத் தளர்த்தினால் பானெட் அதைச் சுற்றிச் சற்றே திரும்பும். நுணுக்கமான திருத்தத்துக்கு அதுவே போதும். இறுக்கிய பிறகு மூடி, இரு பக்க இடைவெளியை மூன்று இடங்களில் அளக்கவும்: முன், நடு, பின். பெரும்பாலான கார்களில் 3 முதல் 5 மி.மீ. இருக்கும். எண்ணைவிட, இடமும் வலமும் ஒத்திருப்பது முக்கியம்.

இன்னொன்று: பின்விளிம்பில் ஓடும் ரப்பர் பீடிங்கை அண்மையில் மாற்றியிருந்தால், அது கிளிப்பில் சரியாக அமராமல் ஓரிடத்தில் மடிந்து நின்றாலும் இப்படித்தான் தூக்கும். போல்ட்டைத் தொடும் முன் அதை விரலால் தடவிப் பாருங்கள்.

வயரிங்பலகை:

சாலைப்புழுதி கேட்ட விளக்கு விஷயத்தை யாரும் தொடலையே, நான் சொல்றேன். அந்த விளக்குக்கு ஒரு சின்ன சுவிட்ச், பெரும்பாலும் லாக்குக்குள்ளயே இருக்கும், சில கார்ல குறுக்குத் தகட்டுல தனியா பட்டன் மாதிரி இருக்கும். தடுப்பு பாதியில நின்னதால சுவிட்ச்சும் பாதியில நின்னிருக்க வாய்ப்பு அதிகம். கேபிள் சரியானதும் தானா போயிடலாம்.

போகலைன்னா, லாக்கை ஸ்க்ரூடிரைவரால மூடி வெச்சுட்டு இக்னிஷன் போட்டுப் பாருங்க. விளக்கு அணைஞ்சா சுவிட்ச் நல்லா இருக்கு, பானெட்தான் முழுசா கீழ இறங்கல. அணையலைன்னா கனெக்டரைக் கழட்டி பின்ல பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய விட்டு மாட்டுங்க. சுத்தம் பண்ணும்போது ஊடுருவுற எண்ணெயை சுவிட்ச் மேல நேரா அடிச்சிருந்தா அதுக்கும் இதே வைத்தியம்தான். மல்டிமீட்டர் இருந்தா ரெசிஸ்டன்ஸ்ல வெச்சு சுவிட்சோட ரெண்டு பின்லயும் அளக்கலாம். லாக் திறக்கும்போதும் மூடும்போதும் மதிப்பு தெளிவா மாறணும்.

விளக்குதானேன்னு விட்டுடாதீங்க. பானெட் திறந்திருக்குன்னு கார் நினைச்சா, நிறைய மாடல்ல சிக்னல்ல எஞ்சின் தானா அணையற வசதி வேலை செய்யாது, ரிமோட் ஸ்டார்ட் ஆகாது, அலாரமும் தாறுமாறா கத்தும்.

சாலைப்புழுதி:

உறை கிழிஞ்சு சுருள் கம்பி தெரிஞ்சதால கேபிளை மாத்திட்டேன், நூல் கட்டின முறை ரொம்ப உதவிச்சு. லீவர் இப்ப பட்டுனு உள்ள போகுது. ஸ்டாப்பரை முழுசா இறக்கி மூடினப்ப நடு விளிம்பு ஃபெண்டரை விட 1 மி.மீ. தாழ்வா வந்துச்சு, அதனால லாக்கைத் தொடல. ஸ்டாப்பர் இடது 14, வலது 15 மி.மீ. காகிதம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்குது. விளக்கும் அணைஞ்சிடுச்சு. ரோட்டுல எடுக்கறதுக்கு முன்னாடி வேற ஏதாவது சோதிக்கணுமா?

பத்தாம்நம்பர்ஸ்பேனர்:

பாதுகாப்புக் கொக்கி மட்டும் பாக்கி. லீவரை இழுங்க. பானெட் 2, 3 செ.மீ. எழும்பி நிக்கணும். இப்ப கொக்கியைத் தொடாம முன்விளிம்பைப் பிடிச்சு நல்லா மேல தூக்குங்க, நடுவுல ஒரு தடவை, இடது ஓரத்துல ஒரு தடவை, வலது ஓரத்துல ஒரு தடவை. எந்த இடத்துலயும் கொக்கி விடக் கூடாது. அப்புறம் கொக்கியை விரலால தள்ளி விட்டுப் பாருங்க, தன் ஸ்பிரிங்லயே பழைய இடத்துக்கு முழுசா வரணும். சோம்பலா வந்தா அச்சுல எண்ணெய். வளைஞ்சோ முனை தேஞ்சோ இருந்தா மாத்தணும், வளைச்சு நிமிர்த்த வேண்டாம்.

அது சரின்னா 25 செ.மீ. உயரத்துல இருந்து கையை விட்டு ஒரு பத்து தடவை மூடித் திறங்க. பத்துல ஒண்ணு தவறினாலும் இங்க எழுதுங்க. தவறலைன்னா 100 கி.மீ. ஓடின பிறகு ஸ்டாப்பர் உயரத்தையும் ஹெட்லைட்டுக்குப் பின்னாடி கேபிள் கிளிப்பையும் ஒரு தடவை பாருங்க. ஸ்டாப்பர் அதிர்வுல தானா சுத்தி இறங்கியிருந்தா மரை தளர்ந்துடுச்சுன்னு அர்த்தம், ரப்பரோட சேர்த்து புதுசு போட்டுடுங்க.

தகடுவேலை:

கூடவே, லாக் போல்ட்டுகளைத் தளர்த்தவில்லை என்றாலும் அவை இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஒருமுறை ஸ்பேனரை வைத்துப் பார்த்துவிடுங்கள். பம்பரைக் கழற்றும்போது சில கார்களில் லாக்கையும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

சாலைப்புழுதி:

பார்த்துட்டேன், மூணுல ஒரு போல்ட் கையால சுத்தற அளவுக்கு லூஸா இருந்துச்சு. இறுக்கியாச்சு. பத்து தடவையும் சரியா விழுந்துச்சு, கொக்கியும் மூணு இடத்துலயும் பிடிக்குது.